ஃபார்ம் கொடுப்பதா, நேர்காணல் எடுப்பதா? முன்னாள் படைவீரர்களின் பிடிஎஸ்டியை அளக்க நான் எதை எடுத்தேன்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சின்ன அறக்கட்டளையின் மாடியறையில், சனிக்கிழமைதோறும் முன்னாள் படைவீரர்களைப் பார்க்கிறேன். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், அதிலும் பலர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்தவர்கள். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு அது, சென்டர் இங்கே ஏரிக்கரையிலேயே இருக்கிறது, படைக்குள் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போகாமல் மர்பி டவுன், ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள். அறுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர்கள், ஐம்பதுகளில் இருப்பவர்கள் 1999-இல் கார்கில் பார்த்தவர்கள்.

வேலையை ஆரம்பித்தபோது வந்த முதல் கேள்வியே எதை வைத்து அளப்பது என்பதுதான். பிடிஎஸ்டி என்பது போர் மாதிரி பயங்கரமான சம்பவத்துக்குப் பிறகு மனதை விடாமல் பிடித்துக்கொள்ளும் நோய். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது, ஆள் சொல்வதும் நாம் கேட்பதும்தான் மொத்தமுமே. படைவீரர்களிடம் அதிகம் பயன்படுகிறவை இரண்டு. ஒன்று பிசிஎல்-5 என்ற ஃபார்ம், இன்னொன்று கேப்ஸ்-5 என்ற நேர்காணல். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை 1989-இல் தொடங்கிய பிடிஎஸ்டி தேசிய மையத்தில் உருவானவை. இரண்டுக்கும் காசு கிடையாது. இரண்டும் டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைப் புத்தகம், சொல்லும் அதே 20 அறிகுறிகளைத்தான் கேட்கின்றன. முதல் எட்டு மாதம் ஃபார்மை வைத்து ஓட்டினேன், அப்புறம் நேர்காணலுக்கு மாறினேன், இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். ஏன் மாறினீர்கள் என்று இதே வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நேர்காணல் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிசிஎல்-5-இல் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. போன ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 31-லிருந்து 33-க்குள் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே இருந்தால் பிடிஎஸ்டியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். கேப்ஸ்-5-இல் 30 விஷயங்கள்: அந்த 20 அறிகுறிகள், அது போக எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நாளாக, வேலையிலும் வீட்டிலும் என்ன கெட்டது, தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு உண்டா என்பவை. புத்தகப்படி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பயிற்சி பெற்றவர் மட்டுமே எடுக்கலாம். ஆக நேரம், ஆள், சுலபம் என்று பார்த்தால் ஃபார்ம்தான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். கேப்ஸுக்கும் மொத்தம் 80தான் என்பதால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிலர் ஒப்பிடுகிறார்கள், அது தப்பு. ஃபார்மில் ஆளே போட்ட மார்க், நேர்காணலில் நாம் கேட்டுப் போட்ட மார்க். ஃபார்மின் 33 கேப்ஸின் 33 ஆகாது.

வகைப்படுத்தும் விதியையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் இது வேண்டியிருக்கும். 20 அறிகுறிகள் நான்கு கட்டாகப் பிரியும். சம்பவம் திரும்பத் திரும்ப வருவது ஐந்து, ஒதுங்குவது இரண்டு, எண்ணமும் மனநிலையும் கெடுவது ஏழு, உடம்பு எந்நேரமும் உஷாராகவே கிடப்பது ஆறு. முதல் இரண்டு கட்டில் தலா ஒரு அறிகுறியாவது, அடுத்த இரண்டில் தலா இரண்டு அறிகுறிகளாவது இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். இதை வைத்து 2013-இல் கலாட்சர்-லெவி, பிரயன்ட் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், பிடிஎஸ்டி என்ற ஒரே பெயர் 6,36,120 விதமான அறிகுறிச் சேர்க்கைகளுக்குப் பொருந்துகிறது. அதனால் மொத்த எண் என்ன என்பதைவிட எந்தக் கட்டில் எது இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

இனி நான் மாறியதற்கான காரணம். இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இருவரிடமும் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் பிசிஎல்-5-இல் 46 போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே நன்றாகவே மேலே. நான் பயந்துபோய் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் எழுதினேன், கொடுப்பதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசலாமே என்று பேசினேன். எதை நினைத்து எழுதினீர்கள் ஐயா என்று கேட்டதும், "எங்க அண்ணன் பண்ணின வேலையைத்தாம்மா, நிலத்தை எழுதி வாங்கிட்டான்" என்றார். ஃபார்மில் பல கேள்விகளில் 'அந்த மன அழுத்தம் தந்த அனுபவம்' என்றுதான் வருகிறது. நாங்கள் வைத்திருந்த மொழிபெயர்ப்பு அது, நானும் சரிபார்த்ததுதான். தமிழில் மன அழுத்தம் என்றால் யாருக்குச் சாவும் குண்டும் ஞாபகம் வரும்? டென்ஷன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவருடைய டென்ஷன் நிலத் தகராறு. நினைப்பு ஓயவில்லை, தூக்கம் இல்லை, அண்ணன் வீட்டுத் தெருவுக்கே போவதில்லை, எல்லாம் நேர்மையாகப் போட்ட 3, 4. ஆனால் சாவு, சாவு பயம், பெருங்காயம், பாலியல் வன்முறை, இவற்றில் ஒன்றை நேரில் பட்டோ பார்த்தோ, நெருங்கியவருக்கு நேர்ந்ததைக் கேட்டோ, வேலையில் திரும்பத் திரும்ப எதிர்கொண்டோ இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நோயின் முதல் நிபந்தனை. நிலத் தகராறு அதில் வராது. அவருக்கு உதவி தேவைப்பட்டது உண்மை, வேறு வகை உதவி.

இரண்டாமவர் 9 போட்டார். 80-க்கு ஒன்பது. ரிட்டயர்டு ஹவில்தார், சாப்பர் என்று சொல்லும் ராணுவப் பொறியியல் பிரிவுக்காரர், யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தவர். ஒதுங்குவது பற்றிய இரண்டு கேள்விக்கும் பூஜ்யம். ஃபார்ம் மட்டும் வைத்திருந்த காலமாக இருந்தால் 'அறிகுறி இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன். அவர் வந்தபோது கேப்ஸ் பயிற்சி முடித்திருந்தேன், பழக வேண்டுமே என்று அவரிடமும் முழுசாக எடுத்தேன்.

"அந்த நேரத்தை ஞாபகப்படுத்துற இடம், ஆளு, பொருளு இதையெல்லாம் ஒதுக்க முயற்சி பண்றீங்களா ஐயா?"

"அதெல்லாம் இல்லம்மா. நான் எங்க வேணாலும் போவேன்."

கேப்ஸில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது, ஆம் என்றால் உதாரணம் கேட்க வேண்டும். இல்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம், போவதுதான் வழக்கம். நான் போகவில்லை, அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு, போன மாதம் எங்கெல்லாம் போனீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்களேன் என்றேன். தினமும் ஏரிக்கரையில் வாக்கிங் என்றார். எப்படி நடப்பீர்கள் என்றேன். சிமெண்ட் பாதையில்தான் என்றார். பேரன் கூட வருவானாம், பந்து உருண்டு புல்லுக்குள் போனால் இவர் நின்றுவிடுவாராம், யாராவது எடுத்துத் தரும்வரை. ஏன் ஐயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "புல்லுல கால் வைக்க மாட்டேன்மா. முப்பத்தஞ்சு வருஷமாச்சு, மண்ணுல கால் வச்சே." வேலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருந்ததை விற்றுவிட்டு பெங்களூரிலேயே தங்கியதற்குக் காரணம் பிள்ளைகள் படிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரப்பில் நடக்க முடியாது என்பதுதான் காரணம். இங்கே எங்கே பார்த்தாலும் தார் ரோடு.

அவர் ஃபார்மில் பொய் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒன்றை ஒதுக்கி வைத்தால் அது ஒதுக்குவதாகவே தெரியாது, பழக்கம் என்று பெயர் மாறிவிடும், வாழ்க்கையே அதைச் சுற்றிக் கட்டப்பட்டுவிடும். அந்த நேர்காணல் முடிந்தபோது கேப்ஸ் மொத்தம் 34, நான்கு கட்டும் நிறைந்திருந்தன. ஒன்பது போட்ட அதே ஆள், அதே வாரம்.

ஒதுங்குதல் என்ற இந்த ஒரே கட்டு படைவீரர்கள் விஷயத்தில் எவ்வளவு ஆளை உள்ளே விடுகிறது, வெளியே தள்ளுகிறது என்பதற்குப் பெரிய சான்றும் உண்டு. டிஎஸ்எம்-4 போய் 2013-இல் டிஎஸ்எம்-5 வந்தபோது ஹோஜ் என்பவரின் குழு 1,822 அமெரிக்கக் காலாட்படையினரிடம் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தது. மொத்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பழைய விதிப்படி பிடிஎஸ்டி இருந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் புதிய விதியில் விழவில்லை, அவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒதுங்குதல் ஒன்றாவது கட்டாயம் என்று புதிய விதி சொன்னது இதற்கு ஒரு முக்கியக் காரணம். யோசித்துப் பாருங்கள், பயத்தை நோக்கி நடப்பதற்குத்தான் ஒரு சிப்பாயைப் பயிற்றுகிறார்கள். அவனிடம் போய் 'நீ எதையாவது ஒதுக்குகிறாயா' என்று தாளில் கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவான். எங்கள் ஹவில்தார் எழுதியதும் அதுதான்.

நேர்காணலில் எனக்குப் பிடித்த இன்னொன்று, மார்க் போட ஒரு அளவுகோல் இருக்கிறது. ஃபார்மில் 'ஓரளவு' என்பதற்கு 2. யாருடைய ஓரளவு? முப்பது வருடம் கெட்ட கனவு காண்கிறவருக்கு மாதம் நாலு கனவு என்பது 'கொஞ்சம்தான்'. கேப்ஸில் 2 போட வேண்டுமானால் அறிகுறி தெளிவாகத் தெரிய வேண்டும், மாதத்தில் இரண்டு தடவையாவது வர வேண்டும். 3 என்றால் வாரத்தில் இரண்டு தடவை, அதுவும் அழுத்தமாக. 2-க்குக் கீழே இருப்பதை அறிகுறியாகவே எண்ணுவதில்லை. 1990-இல் வந்த முதல் கேப்ஸில் எத்தனை தடவை என்பதற்கு ஒரு மார்க், எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு மார்க் என்று தனித்தனியாக இருந்தது, இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே மார்க். போடுவது சுலபமாயிற்று.

அப்புறம் இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அபார்ட்மெண்ட்களில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார்கள், வொயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு என்று, நைட் ஷிஃப்ட்தான் அதிகம். 'எந்நேரமும் உஷாராக இருக்கிறீர்களா' என்று ஃபார்ம் கேட்டால் ஆமாம், அதற்குத்தானே சம்பளம். 'தூக்கம் கெடுகிறதா' என்றால் ஆமாம், காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் பக்கத்தில் கட்டட வேலை. இந்த இரண்டிலேயே ஏழு எட்டு மார்க் ஏறிவிடும். தூக்கம், எரிச்சல், கவனம் சிதறுவது மாதிரி எதனாலும் வரக்கூடிய அறிகுறிகளுக்கு, இது அந்தச் சம்பவத்தோடு தொடர்புள்ளதா என்று கேப்ஸ் தனியாகக் கேட்கச் சொல்கிறது. நிச்சயமாக, அநேகமாக, இல்லை போலிருக்கிறது என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். போருக்கு முன் எப்படி இருந்தீர்கள், லீவு நாளில் தூக்கம் எப்படி, வேலைக்குச் சேர்வதற்கு முன் இருந்ததா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பிரிந்துவிடும். ஒருவர் லீவு நாளிலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன் என்றார், சோமேஸ்வரர் கோவிலில் கூட சுவரோரம் முதுகைக் கொடுத்துத்தான் நிற்பாராம். அது செக்யூரிட்டி வேலையால் வந்ததில்லை.

தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நான் நிறையப் பட்டிருக்கிறேன். ஃபார்மை மொழிபெயர்த்தால் 'மிகையான திடுக்கிடல்' என்று வருகிறது. படிக்கிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். நேரில் "பட்டாசு சத்தம், குக்கர் விசில் கேட்டா தூக்கிவாரிப் போடுதா" என்று கேட்டால் கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். 'நேர்மறை உணர்வுகளை அனுபவிக்க இயலாமை' என்று ஒரு கேள்வி. அதையே "பேத்தி ஓடி வந்து மடியில ஏறுறா, அப்ப உள்ளுக்குள்ள ஏதாவது ஆகுதா, மரத்துப் போன மாதிரி இருக்கா" என்று கேட்டபோது ஒருவர் அழுதுவிட்டார். ஃபார்மில் அதற்கு அவர் போட்டிருந்தது 1. சில சமயம் நம் மொழியே நேர்மாறாகவும் இழுக்கும். 'கண்ணு முன்னாடி வந்து நிக்குது' என்று தமிழர்கள் எதற்கும் சொல்வோம், செத்துப்போன அம்மா முகத்துக்கும் சொல்வோம். அதைக் கேட்டவுடன் சம்பவம் இப்போதே நடப்பது போன்ற அனுபவம் என்று 3 போட்டால் தப்பாகிவிடும், அது சும்மா ஞாபகமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் இந்த அறையில் இருப்பது தெரியுமா, எவ்வளவு நேரம், பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டால்தான் தெரியும். எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு வருடம் ஞாபகம் வராது. "பயந்த கோளாறுன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம்" என்று மனைவி சொல்வார், பெரியவன் ஸ்கூலில் சேர்ந்த வருடம் என்பார், அங்கிருந்து தேதி கிடைத்துவிடும். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் முழு நோயாக வந்தது என்றால் தாமதமாக வெளிப்பட்டது என்று தனியாகக் குறிக்க வேண்டும், அதற்கு இந்தக் கயிறு உதவியிருக்கிறது.

இந்த வேலைக்கு நல்ல தமிழ்ச் சொற்கள் ஈழத்திலிருந்தே கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் மற்றவர்களும் போரில் அடிபட்ட மக்களோடு பல வருடம் வேலை செய்தார்கள், மனவடு, நெருக்கீடு என்ற சொற்கள் அங்கே இயல்பாகப் புழங்குகின்றன. 'மன அழுத்தம் தந்த அனுபவம்' என்ற எங்கள் பழைய வரியை எடுத்துவிட்டு, 'மனசுல வடுவா நின்னுபோன சம்பவம்' என்று இப்போது கேட்கிறேன். அதே மண்ணுக்குத் துப்பாக்கியோடு போய்விட்டு வந்தவரிடம் அந்த மண்ணின் சொல்லால் கேட்கிறேன் என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கும்.

நேர்காணலின் குறைகளையும் மறைக்க மாட்டேன். புத்தகத்தில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது, எங்கள் பெரியவர்களோடு அது ஒன்றரை மணி, சில பேருக்கு இரண்டு சனிக்கிழமை. ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது, நான் களைத்துவிடுவேன், களைத்த பிறகு போடும் மார்க் எனக்கே நம்பிக்கை தராது. கேட்கிறவரின் சாய்வும் உள்ளே வரும். புல் விஷயத்தை ஒருமுறை பிடித்த பிறகு அடுத்த நான்கைந்து சாப்பர்களிடம் நானே புல்லைத் தேடிக்கொண்டிருந்தேன், என் சூப்பர்வைசர் பதிவைக் கேட்டுவிட்டு அதைச் சுட்டிக்காட்டினார். அதிலிருந்து ஐந்தில் ஒரு நேர்காணலையாவது அனுமதியோடு பதிவு செய்து இன்னொருவரும் தனியாக மார்க் போடுகிறார். பயிற்சி இல்லாமல், கேள்வித்தாள் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் இதை எடுக்கக் கூடாது. சம்பவத்தைக் கிளறிவிட்டுப் பாதியில் விடுவது பெரிய கெடுதல். அந்த நிலைமைதான் உங்களுடையது என்றால் ஃபார்மோடு நில்லுங்கள், அல்லது ஆம் இல்லை என்று ஐந்தே கேள்வி கேட்கும் பிசி-பிடிஎஸ்டி-5 போதும்.

இனி உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 பக்கம் போவோம். அதன் ஃபார்மின் பெயர் ஐடிக்யூ. நம் ஊரில் மனநல மருத்துவர்கள் பலரும் ஐசிடி வழியில்தான் எழுதுவார்கள், அதனால் இதை ஒதுக்க முடியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பிடிஎஸ்டியைச் சுருக்கிவிட்டது. சம்பவம் இப்போதே நடப்பது போல் திரும்ப வருவது, ஒதுங்குவது, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற உணர்வு, இந்த மூன்றுதான், ஆறு கேள்விதான். வெறும் ஞாபகம் கணக்கில் வராது. இதற்குப் பக்கத்தில் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனி வகை வைத்து, உணர்ச்சி கட்டுக்குள் நிற்காதது, தன்னையே மதிக்காதது, உறவுகளில் ஒட்ட முடியாதது ஆகியவற்றை அதில் சேர்த்தது. சுத்தமான வகைப்பாடு, டிஎஸ்எம் மாதிரி ஆறு லட்சம் சேர்க்கைக் குழப்பம் இல்லை. நான் இதைப் பதினோரு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறேன், எனவே என் கருத்தை லேசாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடித்த ஒன்று குற்ற உணர்ச்சி. அமைதிப்படையில் இருந்த தமிழர்கள் சிலருக்குப் பயத்தைவிடப் பெரிய சுமை அது. வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகை தன் தாய்மொழியில் இருந்தது என்று ஒருவர் சொன்னார், மற்ற சிப்பாய்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது, எனக்கு வார்த்தை கேட்டது என்றார். ஐசிடி-11-இன் அடிப்படை ஆறு கேள்வியில் இதற்கு இடமே இல்லை. சிக்கலான வகைக்குள் போனால் 'நான் தோற்றவன், மதிப்பற்றவன்' என்ற கேள்விகள் உண்டு, ஆனால் இவர் தன்னை மதிப்பற்றவர் என்று சொல்லவில்லை. டிஎஸ்எம்-5-இல் பழி, குற்ற உணர்ச்சி, வெட்கம் எல்லாம் மூன்றாம் கட்டுக்குள் வருகின்றன. இதற்கும் ஒரு கதை இருக்கிறது: வியட்நாம் போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 1980-இல் டிஎஸ்எம்-3 முதல்முறையாக பிடிஎஸ்டியைச் சேர்த்தபோது, தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்ச்சியும் பட்டியலில் இருந்தது. 1987 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 2013-இல் வேறு உருவத்தில் திரும்ப வந்தது. அறிகுறி ஆளிடம் அப்படியேதான் இருந்தது, பட்டியல்தான் போய்ப் போய் வந்தது.

அளக்கும் விதம் மாறினால் எண் எப்படி மாறும் என்பதற்கு வியட்நாம் வீரர்களையே காட்டலாம். 1980-களின் பிற்பகுதியில் நடந்த தேசிய அளவிலான ஆய்வு, போருக்குப் போன ஆண்களில் 30.9 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு காலத்தில் பிடிஎஸ்டி இருந்தது, 15.2 சதவீதம் பேருக்கு அப்போதும் இருக்கிறது என்றது. 2006-இல் டோரன்வெண்ட் குழு அதே தரவை எடுத்து, ராணுவப் பதிவுகளோடு சம்பவத்தைச் சரிபார்த்து, வாழ்க்கை பாதித்ததா என்பதையும் கேட்டுப் பார்த்தது. 18.7, 9.1 என்று இறங்கியது. வீரர்கள் மிகைப்படுத்தினார்கள் என்பதற்கு அதில் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இந்த இறக்கத்தைக் காட்டி 'பென்ஷனுக்காக நடிக்கிறார்கள்' என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எது நடந்தது, எவ்வளவு பாதித்தது என்ற இரண்டையும் கேட்டதால் எண் மாறியது. பிசிஎல்-5-இன் 20 கேள்விகள் இந்த இரண்டையும் கேட்பதில்லை, கேப்ஸ் கேட்கிறது.

பென்ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊன ஓய்வூதியத்துக்கு நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்பதுதான் கேள்வி. நம் ராணுவ மருத்துவ வகைப்பாட்டில் ஷேப் (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் முழுத் தகுதியோடு வெளியே வந்தவர்கள், கேட்டபோது எல்லாம் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். இப்போது ஒரு மாதத்தை மட்டும் கேட்கும் ஃபார்ம் அவர்களுக்கு உதவாது. கேப்ஸில் வாழ்நாளிலேயே மோசமாக இருந்த மாதத்தைக் கேட்கும் வடிவம் உண்டு, அதை எடுத்திருக்கிறேன். இது போன்ற விண்ணப்பங்களில் அந்த அறிக்கைக்கு எவ்வளவு எடை கிடைக்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. இதுவரை இரண்டே பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டும் இன்னும் நிலுவையில்தான்.

பழைய அளவுகோல்களை ஒரு வரியில் சொல்கிறேன். மிசிசிப்பி அளவுகோல், 1988, 35 கேள்வி, வியட்நாம் வீரர்களுக்கென்றே செய்தது, அந்தக் காலத்து ஆய்வுகளைப் படிக்க உதவும், இன்று புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஐஇஎஸ்-ஆர், 22 கேள்வி, போன ஏழு நாளைக் கேட்கும், இன்றைய டிஎஸ்எம் கட்டுகளோடு பொருந்தாது.

ஃபார்மை நான் தூக்கிப் போடவில்லை. நேர்காணலில் சம்பவம் எது என்று முடிவான பிறகு, அந்தச் சம்பவத்தை ஒரே வரியில் ஃபார்மின் தலையில் எழுதி, சிகிச்சை நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன். ஏற்ற இறக்கம் பார்க்க அது அருமையான கருவி. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், இடையில் விளக்கம் சேர்க்காமல்.

அந்த ஹவில்தாருக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி கேப்ஸ் எடுத்தேன். ஒதுங்குதல் கேள்வியில் அவராகவே ஆரம்பித்தார். போன மாதம் இரண்டு தடவை பந்தை எடுக்கப் புல்லுக்குள் போனாராம், ஷூ போட்டுக்கொண்டு, பேரன் முன்னால் நடந்த அதே தடத்தில் கால் வைத்து. நான் 2 போட்டேன். பதிவைக் கேட்ட என் சக ஊழியர் 3 போட்டார், பேரனை முன்னால் நடக்க விட்டிருக்கிறாரே, அதைக் கேட்டீர்களா என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வருகிறார், கேட்க வேண்டும்.